மூக்கின்மேல் பந்து எதற்கு? கோனாபட்டு ஆச்சி கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் நீண்ட பதில்

போன மாதம் கோனாபட்டில் ஒரு சாந்திக் கல்யாணம். சாப்பாடு முடிந்து இரண்டாம் கட்டில் காற்றாட உட்கார்ந்திருந்தேன். எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்து கைப்பேசியை நீட்டினார். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்த வீடியோ. கடல் சிங்கம் ஒன்று மூக்கின்மேல் பந்தை நிறுத்திக்கொண்டு நிற்கிறது. கூட்டம் கைதட்டுகிறது, பயிற்சியாளர் வாயில் மீனைப் போடுகிறார். பின்னால் பாறைமேல் இன்னொன்று, இந்தக் கூத்து எதிலும் சேராமல், கண்ணை மூடிப் படுத்திருக்கிறது.

“ஏந் தம்பி, நீங்க இந்த வேலைதானே பாத்தீக? பட்டினி போட்டுத்தானே இதுகளைப் பழக்குறாக? கடல்ல திரிஞ்ச சீவனைக் கொண்டாந்து பந்து வெளாட விடுறது பாவமில்லையா?”

நான் கண்டனூர்க்காரன். வெளிநாட்டுப் பூங்கா ஒன்றில் 16 வருடம் கடல் சிங்கங்களையும் சீல்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். ஏதோ நாலு வரியில் பதில் சொன்னேன். அதற்குள் தாம்பூலப் பை வந்துவிட்டது, ஆச்சியின் முகத்தில் திருப்தி இல்லை. அவருடைய பேத்திதான் அப்புறம் வந்து, “விளக்கமா எழுதிக் குடுங்க மாமா, அப்பத்தாவுக்கு நான் வாசிச்சுக் காட்டுறேன்” என்றாள். ஆகவே இது ஆச்சிக்குத்தான். மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். வெளியே சின்னதாகக் காதுமடல் தெரிந்தால், பின்துடுப்புகளை முன்னால் மடக்கி நாலு காலில் நடக்கிற மாதிரி தரையில் நடந்தால், அது கடல் சிங்கம். காதுமடல் இல்லாமல் வெறும் துளை மட்டும் இருந்து, தரையில் புழுப்போல வயிற்றால் தவழ்ந்தால் அது சீல். தமிழில் கடல்நாய் என்று எழுதுகிறார்கள். செய்தித்தாள்களில் சில சமயம் நீர்நாய் என்று போட்டுவிடுவார்கள், அது ஆற்றில் இருக்கிற வேறு பிராணி. கடல் சிங்கம், சீல் இரண்டும் கரடிக்கும் நாய்க்கும் தூரத்து உறவு. நம் கடலில் இரண்டுமே இல்லை. தொண்டி, மணமேல்குடி பக்கம் வலைக்காரர்கள் பார்ப்பது கடற்பசு. அது புல் மேய்கிற, யானைக்குச் சொந்தமான சாதி. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது அதற்காகத்தான். இதைச் சொல்லக் காரணம், கல்யாண வீட்டில் ஒரு பையன் “தொண்டியில இது கிடக்கும்ல?” என்று என்னிடம் சாதித்துக்கொண்டிருந்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோயில் வாசலில் யானை நிற்பதை ஆச்சி ஆயிரம் தடவை பார்த்திருப்பார். தும்பிக்கையும் தலையும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். முன்கால் ஒன்று அதே கணக்கில் தூக்கித் தூக்கி வைக்கும். சின்ன வயதில் “நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுது” என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாதஸ்வரம் நின்ற பிறகும் அது ஆடும். நடக்க வேண்டிய பிராணி, தேட வேண்டிய பிராணி, ஒரே இடத்தில் நின்றால் உடம்பு இப்படி ஒரு வேலையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கடல் சிங்கத்திடம் அதே நோய் வேறு உருவத்தில் வரும். குளத்தைச் சுற்றிச் சுற்றி நீந்தும். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் கரையில் உட்கார்ந்து ஒன்றைக் கவனித்துக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். வலது ஓரமாகப் போகும். படிக்கட்டுக்கு எதிரே மூச்செடுக்கும். மூன்றாவது கண்ணாடிக்குப் பக்கத்தில் மல்லாந்து திரும்பும். திரும்பும்போது இடது துடுப்பின் நுனி சுவரில் ஒரே இடத்தில் படும். அந்த இடத்தில் மட்டும் பாசி இல்லை. ஒரு மணி நேரம் இப்படி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் “எவ்வளவு அழகா நீந்துது பாரு” என்றார்கள். எனக்குக் கோயில் வாசல்தான் ஞாபகம் வந்தது.

கடலில் அதற்கு ஓய்ந்திருக்க நேரம் ஏது? கலிபோர்னியக் கடல் சிங்கம் ஒரு தடவை முங்கினால் இரண்டு மூன்று நிமிடம் உள்ளே இருக்கும், தேவைப்பட்டால் இன்னும் அதிகம். மீன் கூட்டம் எங்கே என்று தேட வேண்டும், விரட்ட வேண்டும், சுறாவுக்குத் தப்ப வேண்டும், கரைக்கு வந்தால் படுக்கிற பாறைக்காக அடுத்ததோடு சண்டை போட வேண்டும். குட்டிகளோ இதற்கு நடுவிலும் விளையாடும். அலையில் சறுக்கும், கடல்பாசியைப் பிடுங்கி மேலே வீசும், அடுத்த குட்டியின் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும். பூங்காவில் என்ன நடக்கிறது? நல்ல தண்ணீர், சுத்தமான மீன், வைத்தியர், எதிரி இல்லாத படுக்கை. நூறு கிலோ எடையுள்ள பெண் விலங்குக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து முதல் எட்டு கிலோ மீன். அதை வாளியிலிருந்து கொட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு என்ன செய்யும்? மாமியார், மருமகள், சமையல்காரர், கணக்கப்பிள்ளை என்று எல்லாவற்றையும் ஆட்டிப் படைத்த ஒரு வீட்டுக்காரியை, ஒரு நாள் திடீரென்று எல்லா வேலையையும் பறித்துவிட்டு “நீங்க சும்மா உக்காருங்க ஆச்சி” என்று நாற்காலியில் வைத்த மாதிரி. அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களை நம் ஊர்ப் பெரிய வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் இதற்கு வைத்தியமாகச் செய்வதை என்ரிச்மென்ட் என்பார்கள். பெயர் பெரிதாக இருக்கிறது, வேலை என்னவோ விலங்குக்கு ஒரு வேலை கொடுப்பதுதான். மிகச் சுலபமானது ஐஸ். இரண்டு லிட்டர் வாளியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே பத்துப் பதினைந்து கேப்லின் மீனையும் ரெண்டு கணவாய்த் துண்டையும் போட்டு உறைய வைப்போம். எங்களிடம் வயதான பெண் கடல் சிங்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மீனையும் உதட்டால் புரட்டிச் சோதித்துவிட்டுத்தான் தின்னும், சற்றே வயிறு கிழிந்த மீன் என்றால் திருப்பி என் காலடியில் போட்டுவிடும். நான் மனதுக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘ஆச்சி’. (பேத்தி இந்த இடத்தை வாசிக்காமல் தாண்டிவிடலாம்.) மற்றவை ஐஸ் கட்டியைக் கடித்தும் தரையில் மோதியும் உடைக்கப் பார்க்கும். இது அதையெல்லாம் செய்யாது. கட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு போய், வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வந்து விழுகிற குழாய்வாய்க்கு நேரே நிறுத்தும். தண்ணீர் விழ விழ ஐஸ் கரையும். வெளியே தெரிகிற வாலை மட்டும் பிடித்து ஒவ்வொன்றாக உருவும். அதற்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டது. மூன்றாவது வாரம் நான் குழாயை அடைத்துவிட்டு ஐஸ் போட்டேன். குழாய்வாய்க்குக் கட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, தலையைத் திருப்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை.

அப்புறம் பந்து, வளையம், துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் மீன், ஜெலட்டின் கட்டி, மேலே இருந்து விழும் குழாய்த் தண்ணீர். கார் கழுவும் இடங்களில் சுழலுமே, அந்தத் துணிக் கீற்றுகளை வாங்கிக் கட்டித் தொங்கவிட்டால் கடல்பாசிக் காடு மாதிரி ஆகிவிடும், அதற்குள் புகுந்து ஒளியும். என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். நிறையப் பூங்காக்களில் பெரிய நீலப் பந்து ஒன்று வருடக்கணக்கில் குளத்தில் மிதந்துகொண்டிருக்கும். விலங்கு அதைக் கொலுப் பொம்மையாகக்கூட மதிக்காது. அது ஆய்வுக்கு வருகிற அதிகாரி பார்ப்பதற்காகப் போட்ட பந்து. நல்ல இடத்தில் இன்று பந்து, நாளை ஒன்றுமில்லை, நாளன்றைக்கு ஐஸ், ஒரு நாள் காலை ஏழுக்கு, ஒரு நாள் மாலை நாலுக்கு. சாப்பாட்டு நேரத்தையும் அப்படித்தான் மாற்றி மாற்றி வைப்போம். மணி அடித்தாற்போல் பதினொன்றுக்கு மீன் வந்தால் பத்தரைக்கே அந்தச் சுற்று நீச்சல் ஆரம்பித்துவிடும்.

சீல்களுக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அவை கடல் சிங்கம்போல அலட்டிக்கொள்ளாது, தரையில் சோம்பேறி. தண்ணீருக்குள் அதன் உலகமே மீசையில் இருக்கிறது. ஜெர்மனியில் ஹென்றி என்ற சீலுக்குக் கண்ணைக் கட்டி, காதையும் மூடிவிட்டு, ஒரு பொம்மை நீர்மூழ்கியைக் குளத்தில் ஓட விட்டார்கள். பொம்மை போன பிறகு சீலை விட்டால், அது வளைந்த இடத்தில் வளைந்து, திரும்பிய இடத்தில் திரும்பி, தண்ணீரில் விட்டுச் சென்ற கலக்கத்தை மீசையால் தொட்டே பின்தொடர்ந்து பிடித்துவிட்டது. மீசையையும் மூடியபோது முடியவில்லை. 2001இல் வெளிவந்த ஆய்வு இது. அப்படிப்பட்ட பிராணிக்குப் பந்தைப் போட்டுவிட்டு ‘விளையாட மாட்டேன் என்கிறது’ என்றால் எப்படி? தண்ணீரைப் பல திசையில் பாய்ச்சி, குமிழி விட்டு, சரளைக்கு அடியில் மீனை ஒளித்து வைத்துப் பாருங்கள். நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருக்கும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் ஆட்களுக்குத் தண்ணீரைக் கண்டால் காசு போடுகிற பழக்கம். ஊரணி, தெப்பக்குளம், நீரூற்று, எதுவானாலும் ஒரு நாணயம். சீல் குளத்தில் தயவுசெய்து போடாதீர்கள். கிடைத்ததை வாயில் போட்டுப் பார்க்கிற விலங்கு அது. வயிற்றில் நாணயம் சேர்ந்து, அதிலிருந்து கரைகிற உலோகம் நஞ்சாகி, உயிரை விட்டவை உண்டு. நாங்கள் கொடுக்கிற விளையாட்டுச் சாமானே ஒவ்வொரு மாலையும் கணக்குப் பார்த்து, துண்டு உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே வைப்போம்.

சரி, ஆச்சியின் பட்டினிக் கேள்வி. ஒரு காலத்தில் நடந்தது உண்மை. பழைய சர்க்கஸ்களில் பசியும் பிரம்பும்தான் வாத்தியார். இப்போது ஒழுங்கான இடம் எதிலும், ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் என்பதை அதன் எடையையும் பருவத்தையும் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். வித்தை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அன்றைக்குள் போய்ச் சேர வேண்டும். காலையில் நான் முதலில் செய்யும் வேலையே அதுதான். மீனை எடைபோட்டு வாளி வாளியாகப் பிரிப்பேன். முதல் மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையை, வெற்றிலையில் பாக்கு மடிக்கிற மாதிரி, செருகி வைப்பேன். உறைந்து உருகிய மீனில் பி1 சத்து போய்விடும், மாத்திரை இல்லாவிட்டால் விலங்குக்கு வலிப்பு வந்துவிடும். இன்னொரு விஷயம்: பெரிய ஆண் கடல் சிங்கம் இனப்பெருக்கக் காலத்தில் சாப்பாட்டையே தொடாது. நீங்கள் மீனைக் காட்டி மிரட்டினாலும் கெஞ்சினாலும் மதிக்காது. பட்டினியை நம்பித் தொழில் செய்கிறவன் அந்த இரண்டு மூன்று மாதம் கடையை மூட வேண்டியதுதான். நாங்கள் மூடவில்லை. அந்த மாதங்களில் தண்ணீர்க் குழாயால் முதுகில் பீய்ச்சுவது, தாடைக்குக் கீழே தேய்த்துவிடுவது, சில நாள் வெறுமே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று ஓட்டினோம். வந்தது.

பழக்குவது எப்படி என்று ஆச்சிக்குப் புரிய, பூம்பூம் மாட்டுக்காரரை நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அவர் கேட்கிறார், மாடு தலையாட்டுகிறது. நடுவில் கயிற்றின் ஒரு சிறு சுண்டல் இருக்கும், நமக்குத் தெரியாது. கடல் சிங்கத்துக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. அது தண்ணீருக்குள் குதித்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? அதனால் வேறு வழி. ஒரு விசில். விசில் கேட்டால் மீன் நிச்சயம் என்று முதலில் பழகவிடுவோம். அதற்குப் பிறகு, விலங்கு நாம் விரும்பியதைச் செய்கிற அந்தக் கணத்தில் விசில் ஊத வேண்டும். ‘இதோ, இதைத்தான் கேட்டேன்’ என்று அர்த்தம். மீன் பிறகு நிதானமாக வரலாம். அமெரிக்காவில் பிரெலாண்ட் தம்பதியர் 1940களிலேயே இந்த முறையை மனோதத்துவக் கூடத்திலிருந்து வெளியே எடுத்து வந்தார்கள். 1960களில் ஹவாயில் கேரன் பிரையர் என்ற பயிற்சியாளர் டால்பின்களோடு செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

விசிலில் அரை வினாடி பிந்தினால் கதை கந்தல். நான் தொடக்கத்தில் ஒரு இளம் ஆணுக்கு மேடையில் ஏறி நிற்கப் பழக்கினேன். அது ஏறும், பார்வையாளர் பக்கம் தலையைத் திருப்பும், அப்போதுதான் என் விசில் வரும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அது மேடையில் ஏறி, கழுத்தை வெட்டி இடது பக்கம் திருப்பி, கல்யாண வீட்டில் மரியாதை குறைந்துவிட்ட சம்பந்தி மாதிரி நிற்கிறது. தலையைத் திருப்புவதற்குத்தான் மீன் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதை மாற்ற எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

மூக்கின்மேல் பந்து நிற்பது அடி விழுந்து வந்த வித்தை இல்லை. அந்தக் கழுத்தும் மீசையும் ஏற்கெனவே செய்கிற காரியம் அது. கடலில் பெரிய மீன் சிக்கினால் பிடித்து உதறி வீசிக் கிழிக்கும், விழும் துண்டை எட்டிப் பிடிக்கும். பந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மீசை முடிகள் தொட்டுச் சொல்ல, தலை அந்தப் பக்கம் நகர்கிறது. நாம் விரல் நுனியில் குச்சியை நிறுத்துவதைப் போன்றதே. முதலில் பந்தை மூக்கால் தொட்டால் விசில். அடுத்து ஒரு நொடி மூக்கில் பந்தை நான் பிடித்திருக்க, அது அசையாமல் இருந்தால் விசில். பிறகு கையை எடுப்பேன், விழும். விழட்டும். ஒன்றரை நொடி நின்றால் விசில். பதினைந்து நாளில் நிற்கும். சில கடல் சிங்கங்கள் பந்தை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும், மீனைக் காட்டினாலும் இன்னொரு தடவை தூக்கிப்போட்டுவிட்டுத்தான் வரும்.

ஆனால் பந்து வித்தை தெரியாமல் போனால் ஒன்றும் குடி முழுகாது. எதற்குப் பழக்குகிறோம் என்பதில் எனக்கு முக்கியமானது வேறு. வாயைத் திறந்து வைத்துக்கொள்வது, பல்லைத் தேய்க்க விடுவது, கண்ணில் சொட்டு மருந்து விட விடுவது, எடைமேடையில் ஏறி நிற்பது, கூண்டுக்குள் தானாகப் போவது, பின்துடுப்பை நீட்டி ரத்தம் எடுக்க விடுவது. குளத்து விலங்குகளுக்குக் கண்புரை அதிகம். நிழல் இல்லாத குளம், வெளிர் நீலம் பூசிய அடித்தளம், வெயிலைப் பார்த்து அண்ணாந்து மீன் வாங்குவது எல்லாம் சேர்ந்து கண்ணைக் கெடுக்கிறது. தினமும் சொட்டு மருந்து விட வேண்டிய இருநூறு கிலோ விலங்கைப் பழக்காமல் வைத்திருந்தால் என்ன செய்வீர்கள்? வலை போட்டு ஆறு பேர் அமுக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த விலங்கு ஒரு வாரம் யாரையும் கிட்டச் சேர்க்காது. அமுக்கியவர்களில் ஒருவருக்குக் கையில் பதினோரு தையல்.

ரத்தம் எடுக்கப் பழக்குவது ஐந்து மாத வேலை. நம்ம ‘ஆச்சி’யிடம்தான் நான் அதைக் கற்றேன். முதல் மாதம் பின்துடுப்பைத் தொடுவது மட்டும். பிறகு பஞ்சால் துடைப்பது. ஸ்பிரிட் வாசனை அதற்குப் பிடிக்கவில்லை, அதற்கே மூன்று வாரம். பிறகு மூடியோடு ஊசியை வைத்து அழுத்துவது. பிறகு மழுங்கிய நுனி. ஒவ்வொரு படியிலும் அது துடுப்பை இழுத்துக்கொள்ளலாம், தண்ணீருக்குள் போய்விடலாம், நாம் பேசாமல் இருக்க வேண்டும். நாலாவது மாதம் வெளியிலிருந்து வைத்தியர் ஒருவர் வந்திருந்தார். “இன்றைக்கே எடுத்துவிடலாமே” என்றார். எனக்கும் காட்டிக்கொள்ள ஆசை. ஒரு படியைத் தாண்டி உண்மையான ஊசியைக் கொண்டுபோனேன். குத்தியதும் அது கத்தவில்லை, கடிக்கவில்லை. துடுப்பை உருவிக்கொண்டு, மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் ஏழு வாரம் என்னிடம் பின்துடுப்பை நீட்டவில்லை. மீன் வாங்கிக்கொள்ளும், மேடைக்கு வரும், வாயைத் திறக்கும். பின்துடுப்பு என்றால் மட்டும் என்னைக் காதுகேளாதவன் மாதிரி பார்க்கும். மறுபடி பஞ்சிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பதாவது மாதம் ஒரு புதன்கிழமை, ஊசி உள்ளே போய் வெளியே வரும் வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது. அன்று எடுத்த ரத்தத்தில்தான் சிறுநீரகக் கோளாறு தெரிந்தது. அதற்குப் பிறகும் நாலு வருடம் இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த விலங்குகளுக்கு மூளைக்கு வேலை கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பது நமக்கே தெரியாமல் இருந்தது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ரியோ என்ற கடல் சிங்கத்துக்கு எழுத்துகளும் எண்களும் வரைந்த அட்டைகளை வைத்து, ஒன்றுபோல் இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 10 வருடம் கழித்து, நடுவில் பயிற்சியே இல்லாமல், சோதித்தபோது அந்தக் கருத்து அதன் நினைவில் அப்படியே இருந்தது. அதே இடத்தில் ரோனன் என்ற பெண் கடல் சிங்கம். திரும்பத் திரும்பக் கரை ஒதுங்கி, இனிக் கடலில் விட்டால் பிழைக்காது என்று கொண்டுவரப்பட்டது. தாளத்துக்குத் தலையசைக்கப் பழக்கினார்கள். வெறும் டிக் டிக் சத்தத்தில் கற்றதை, கேட்டிராத பாட்டுக்கும் அதுவாகவே பொருத்திக்கொண்டது. 2013இல் இது வெளிவந்தபோது எங்கள் பூங்காவில் எல்லோரும் கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். 2025இல் வந்த ஆய்வில், கையசைத்துத் தாளம் போட்ட கல்லூரி மாணவர்களைவிட அதன் தாளம் சுத்தமாக இருந்தது. பாஸ்டனில் ஹூவர் என்ற சீல், 1985இல் இறக்கும் வரை, மனிதக் குரலில் “ஏய், வெளியே போ” என்று பார்வையாளர்களை விரட்டிக்கொண்டிருந்தது. குட்டியாக இருந்தபோது தன்னை வளர்த்த மீனவரிடம் கேட்ட பேச்சு.

அமெரிக்கக் கடற்படை கலிபோர்னியாவின் சான் டியேகோவில் கடல் சிங்கங்களைத் திறந்த கடலில் விட்டு, அடியில் கிடக்கும் சாமான்களைத் தேடச் சொல்கிறது. அவை ஓடிப்போகலாம். திரும்பிப் படகுக்கு வருகின்றன. போர்க்கப்பலுக்கு ஒரு பிராணியைச் சேவகம் செய்ய வைப்பது எனக்கு உவப்பில்லை, அது வேறு விவாதம். ஆனால் பட்டினியால் கட்டப்பட்ட விலங்கு திறந்த கடலிலிருந்து திரும்பி வராது.

ஆச்சிக்கு இதெல்லாம் புதிதாக இருக்கத் தேவையில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்க்கிற வீடுகளில் மார்கழியில் என்ன செய்கிறார்கள்? ஊரணியில் நீந்த விடுகிறார்கள், நடத்திக் கூட்டிப்போகிறார்கள், மண்மேட்டைக் கொம்பால் குத்திக் கிளறவிடுகிறார்கள். வருடம் முழுக்கக் கட்டுத்தறியில் நிற்கிற மாடு முரடாகும் அல்லது மந்தமாகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

அதற்காக எல்லாக் காட்சிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. டால்பின் காட்சிகளை 2013இல் இந்தியா வேண்டாம் என்றது, சரியான முடிவு. காது கிழிகிற பாட்டு, நாளுக்கு ஆறு காட்சி, வரிசையாக வருகிறவர் கன்னத்தில் முத்தம் வாங்கிப் படமெடுப்பது இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. முத்தத்தில் விலங்குக்கு என்ன வேலை இருக்கிறது? எத்தனை பந்து போட்டாலும் குளம் குளம்தான், கடல் ஆகாது. கடலிலிருந்து புதிதாகப் பிடித்து வருவதை எந்தப் பயிற்சியாலும் நியாயப்படுத்த முடியாது. அங்கேயே பிறந்ததும், அடிபட்டு ஒதுங்கித் திரும்ப முடியாததும் இருக்கிறதே, அவற்றுக்கு அடுத்த 25 வருடம் என்ன செய்யக் கொடுக்கப் போகிறோம் என்பதற்குத்தான் என் பதில்.

இனி யாராவது போனால், காட்சிக்கு அரைமணி முன்னாலோ பின்னாலோ போய் நில்லுங்கள். சுற்றிச் சுற்றி ஒரே வழியில் நீந்துகிறதா, கண் வெள்ளையாக மங்கியிருக்கிறதா, படுக்கிற இடத்தில் நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சியாளர் கூப்பிட்டு விலங்கு வரவில்லை என்றால் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

அந்த வீடியோவை ஆச்சி எனக்கு அனுப்பி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பாறைமேல் படுத்திருந்த இன்னொன்றை ஆரம்பத்தில் ஒரு தடவை விசில் ஊதிக் கூப்பிடுகிறார்கள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது. பயிற்சியாளர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். காட்சி முடிந்து கூட்டம் எழுந்து போகும்போது பேரன் கேமராவை அணைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. ஆட்களின் முதுகுக்கு நடுவே, ஒரு ஓரத்தில், அந்தப் பயிற்சியாளர் வாளியோடு பாறையில் ஏறி, படுத்திருந்ததன் பக்கத்தில் குந்தி, அதன் பங்கு மீனை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். 3 நிமிடம் 40 வினாடிக்கு மேல் பாருங்கள் ஆச்சி.